ஏவிஆர் தலைகீழாகத்தான் இருப்பாள்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று அவளிடம் சொன்னால், "யாரு சொன்னா? நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்பாள். உலகத்தில் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு என்பதும், அந்தப் பக்கத்தில் தனக்கு ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது என்பதும் அவளுடைய திடமான நம்பிக்கை. பிறந்தவுடன் எல்லாக் குழந்தையும் அழும், இவள் மட்டும் நர்சைப் பார்த்து "இன்னாத்துக்கு அடிக்கிற?" என்று கேட்டிருப்பாள் என்பது எங்கள் விடுதியின் ஏகமனதான முடிவு.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வகுப்பில் ஆஜர் சொல்வதற்கு மட்டும். மற்றபடி விடுதிக்கும், டீக்கடைக்கும், செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் கொய்யாப்பழம் விற்பவருக்கும் அவள் ஏவிஆர்தான்.

பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் கல்பாக்கத்தில் வளர்ந்த சம்பளக்காரர் வீட்டுப் பெண். டாக்டராக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். என் மதிப்பெண்கள் மட்டும் ஆசைப்படவில்லை. "ஈசிஜி டெக்னீஷியன் படிச்சா கையோட வேலை" என்று யாரோ சொல்ல, அப்பா என்னைச் செங்கல்பட்டில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டார். ஏவிஆர் படாளத்துப் பெண். அவள் அம்மா கரும்பு வெட்டுக்குக் கூலிக்குப் போய் இவளைப் படிக்க வைத்தார். மதுராந்தகத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், "சர்டிபிகேட்டோட வா, வேலை உனக்கு" என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சர்டிபிகேட் கைக்கு வந்தால் அம்மா அரிவாளைக் கீழே வைக்கலாம். அதற்காகவாவது இவள் வாயை மூடிக்கொண்டு படித்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பு. எங்கள் சாருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம் சார். எதற்கும் "நிதானம், நிதானம்" என்பார். அன்று அவர் ஈசிஜியின் அரிச்சுவடியை அழகாகச் சொன்னார். "இதயத்துல ஓடுற கரண்டைத் தேர்னு வெச்சுக்குங்க. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு இடத்துல நின்னு அதே தேரைப் பாக்குறாங்க. அந்தப் பன்னிரண்டு பேர்தான் பன்னிரண்டு லீட். தேர் தன்னைப் பாத்து வந்தா கோடு மேல ஏறும். தன்னை விட்டு விலகிப் போனா கீழ இறங்கும். லீட் டூ நல்ல இடத்துல நிக்குது, எல்லாம் நேரா தெரியும். ஏவிஆர்னு ஒண்ணு வலது தோள் பக்கம் நிக்குது. அதுக்குத் தேரோட முதுகுதான் தெரியும். அதனால எல்லாமே தலைகீழா வரும். அதை யாரும் பெரிசா கண்டுக்கறதில்லை."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"சார், அது இன்னா தப்பு பண்ணுச்சு?"

"எது?"

"அந்த ஏவிஆரு. அது நிக்கிற எடத்துலேர்ந்து பாத்தா அப்பிடித்தான தெரியும்? எல்லாரும் முன்னாடி நின்னு கும்புட்டுகினு இருந்தா, தேரோட முதுகப் பாக்குறதுக்கும் ஒரு ஆளு வேணும் இல்ல? அத ஏன் கண்டுக்க மாட்டேன்றீங்க?"

சார் தண்ணீர் குடித்தார். வகுப்பு முடிந்தது. மறுநாள் வந்து, ராத்திரி முழுக்க யோசித்தவர் போல, "நீ கேட்டது சரிதாம்மா. ஏவிஆர் நமக்குக் காவல்காரன். கை ஒயர்களை மாத்தி மாட்டிட்டோம்னா அது நிமிர்ந்து நின்னுடும். அதனால பேப்பர் வந்ததும் முதல்ல அதைப் பாருங்க. தலைகீழா இருக்கறதுதான் அதுக்கு லட்சணம்" என்றார். வகுப்பே திரும்பி இவளைப் பார்த்தது. அன்று சாயங்காலமே பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் சும்மா இருப்பாளா? எனக்கும் ஒன்று வைத்தாள். "நீ நல்ல புள்ள. யாரு இன்னா சொன்னாலும் நேரா நின்னு தலய ஆட்டுவ. நீதான் லீட் டூ." அதிலிருந்து இன்றுவரை அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

படிப்பதிலும் அவளுக்குத் தனிப் பாதை. ஒயர்களின் நிறத்தை நாங்கள் உருப்போட்டுக்கொண்டிருந்தபோது, "வலது கை செவப்பு, எடது கை மஞ்சா, எடது காலு பச்ச. ஜிஎஸ்டி ரோட்டு சிக்னலு. மிச்சம் வலது காலு கறுப்பு, அது தாரு ரோடு. அவ்ளோதான், இதுக்குப் போயி ஒரு பக்கம் எழுதிகினு கீறீங்க" என்று எழுந்து போய்விட்டாள். இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று பார்க்க, இரண்டு உயரமான முனைகளுக்கு நடுவே பேப்பரில் பெரிய கட்டங்களை எண்ண வேண்டும். ஒரு கட்டம் என்றால் முந்நூறு, இரண்டு என்றால் நூற்றைம்பது என்று இறங்கிக்கொண்டே வரும். இதை அவள் கண்டக்டர் குரலில் கூவுவாள். "முந்நூறு, நூத்தம்பது, நூறு எறங்கு, எழுபத்தஞ்சு எறங்கு, அறுபது எறங்கு, அம்பது! நூறுலேர்ந்து அறுபதுக்குள்ள எறங்குறவன் வூட்டுக்குப் போவலாம். மத்தவன்லாம் டாக்டரப் பாத்துட்டுப் போ!" குளியலறை வரிசையில் நின்றுகொண்டு காலையில் இதைக் கூவினால் விடுதியே எழுந்துவிடும். பரீட்சையில் நாங்கள் எல்லோரும் அந்தக் கூவலை மனதுக்குள் ஓட்டித்தான் பதில் எழுதினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். எல்லோரும் வெண்ணெய் உருண்டைப் பாறையை முட்டுக்கொடுப்பது போலப் படம் எடுத்துக்கொள்ள, இவள் கடற்கரையில் ஒரு குச்சியை எடுத்து மணலில் நீளமாக ஈசிஜி வரைந்தாள். முதலில் சின்ன மேடு, அது பி. அடுத்து ஊசி மாதிரி உயர்ந்து இறங்குவது க்யூஆர்எஸ். அதற்கப்புறம் உருண்டையாக டி. கோயில் பக்கத்திலிருந்து மீன்வலை காய்கிற இடம்வரை ஒரே இதயம் துடித்துக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து ஒரு கைடு, வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மணலைக் காட்டி, கடலுக்குள் போன கோபுரங்களின் வரைபடம் இது, உள்ளூர் ஜனங்கள் பரம்பரையாக வரைகிறார்கள் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட ஆரம்பித்தார்.

"அண்ணாத்த, அது கோபுரம் இல்ல, க்யூஆர்எஸ்" என்று இவள் குறுக்கே போய் நின்றாள்.

கைடு பல்லைக் கடித்துக்கொண்டு, "யம்மா, பேஜாரு பண்ணாத. பொழப்பு ஓடினு கீது" என்றார்.

"பொழப்பு ஓடட்டும். என் கோபுரத்துக்கு ஒரு நோவும் இல்ல, நார்மலா துடிக்குதுன்னு அவங்களாண்ட சொல்லு."

அவர் சொன்னாரோ என்னவோ, வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி மணலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் வைத்து அவளை மேதை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் படித்த வேகத்தில் தப்பும் தாராளமாகச் செய்தாள். ஒரு விடுமுறையில் பழகிப் பார்ப்பதற்காக நிலையத்தின் பழைய மெஷினைச் சார் விடுதிக்குக் கொடுத்தனுப்பினார். சமையல்கார அக்காவைப் படுக்க வைத்து ஏவிஆர் ஒயர் மாட்டினாள். அக்காவுக்கு அடுப்பில் பால். "பொங்கிடப் போவுதுடி" என்று கையை ஆட்டுகிறார், கொசு கடிக்கிறது என்று ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிகிறார். பேப்பரில் கோடு கன்னாபின்னா என்று நடுங்கிக்கொண்டு வந்தது. ஏவிஆர் அதைப் பார்த்தாள். இதயம் துடிக்காமல் வெறுமனே உதறிக்கொண்டிருந்தால் கோடு இப்படித்தான் வரும், அதற்கு விஎஃப் என்று பெயர் என முந்தின நாள்தான் படித்திருந்தோம். ஆள் பிழைக்க நிமிடக் கணக்குதான்.

"விஎஃப்! அக்கா போயிட்டாங்க!" என்று அலறிக்கொண்டு அக்கா மேலேயே ஏறி, மார்பில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்துவிட்டாள்.

போய்விட்ட அக்கா விட்டார் ஒரு அறை. அதன் ஓசை வாசல் கேட் வரை கேட்டது. "எடுபட்டவளே! உசுரோட இருக்கிறவளப் போயி பிசையிற?" பால் பொங்கி வழிந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் மேசைக்கு முட்டை வரவில்லை.

விஷயம் தெரிந்து நிதானம் சார் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: "முதல்ல ஆளைப் பாரு, அப்புறம் பேப்பரைப் பாரு. பேசிக்கிட்டிருக்கிற ஆளுக்கு விஎஃப் வராது." எந்த வாத்தியார் சொன்னதையும் எதிர்க்கேள்வி இல்லாமல் அவள் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டே, "ஆமா சார், ஆளத்தான் பாக்கணும்" என்றாள்.

அந்தப் பாடம் கோவளத்தில் வேலைக்கு வந்தது. கோவளம் மீனவர் குப்பத்தில், பள்ளிக்கூட ஹாலில் எங்கள் நிலையம் இலவச இதய முகாம் போட்டது. ஒரு இளம் டாக்டரம்மா வந்திருந்தார். முகாமுக்குத் தலைவர், எங்கள் நிலையத்தின் நிர்வாகத்தைக் கவனிக்கும் கோ-ஆர்டினேட்டர். இவர் முன்னாளில் ஒரு எக்ஸ்ரே சென்டர் நடத்தியவர், அதனால் எங்களுக்குள் அவர் பெயர் எக்ஸ்ரே. சிறப்பு விருந்தினர் வராமல் போகவே, எக்ஸ்ரேயே சட்டையைத் திறந்து படுத்து முதல் ஈசிஜி எடுத்துக்கொண்டு முகாமைத் தொடங்கிவைத்தார். போட்டோ பளிச் பளிச். அவருடைய பேப்பரை, 'இதுதான் நார்மல் ஈசிஜி' என்று எழுதி வாசலில் ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகு பெண்கள் வரிசை. கோவளத்தில் எல்லா மதத்து வீடும் உண்டு. மஞ்சள் கயிறு, சிலுவைத் தாலி, கருகமணி எல்லாம் ஒரே வரிசையில் சளசளவென்று பேசிக்கொண்டு நின்றன. எக்ஸ்ரே மைக்கைப் பிடித்தார்.

"அம்மா, உடம்புல குண்டுமணி உலோகம்கூட இருக்கக் கூடாது. தாலி, வளையல், மெட்டி எல்லாம் கழட்டி இந்த டப்பாவுல போட்டுட்டு வாங்க."

சளசளப்பு நின்றது. வரிசையில் முதலாக நின்றவர் ஒரு மீன்காரம்மா. நல்ல ஆகிருதி. அதனால் குப்பத்தில் அவருக்கு நெத்திலி அக்கா என்று பெயர். கூடையைத் தூக்கிக்கொண்டு கரை ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சைப் பிடிக்கிறது என்று வந்தவர்.

"இன்னா சொன்ன?" என்றார். "எங்க வூட்டுக்காரரு விடிகாலைல போட்டத் தள்ளிகினு கடலுக்குப் போயிகீறாரு. இன்னும் கர சேரல. இப்பப் போயி தாலியக் கழட்டச் சொல்றியா? உன் வாயில மண்ணு வுழ! நெஞ்சு நின்னா நின்னுட்டுப் போவுது. வாங்கடி போவலாம்."

வரிசை அப்படியே திரும்பியது. புருஷன் கடலில் இருக்கும்போது தாலியில் கை வைக்க அந்தக் கரையில் ஒருத்தி சம்மதிக்க மாட்டாள். கருகமணியும் சிலுவையும்கூடச் சேர்ந்தே திரும்பின. எக்ஸ்ரே, "விழிப்புணர்வு இல்லாத ஜனங்க" என்று மைக்கை அணைத்தார்.

"அக்கா, நில்லு!"

ஏவிஆர் கையில் ஜெல் டப்பாவோடு வாசலை மறித்து நின்றாள். பிறகு எக்ஸ்ரே பக்கம் திரும்பினாள். "சார், இது எக்ஸ்ரே இல்ல, ஈசிஜி. இதுக்குத் தாலி இன்னா பண்ணும்?"

"ரூல்ஸ்னா ரூல்ஸ்மா. நான் கோ-ஆர்டினேட்டரா, நீ கோ-ஆர்டினேட்டரா?"

அவள் வாசலுக்குப் போய், ஒட்டியிருந்த அந்த நார்மல் ஈசிஜியைப் பிய்த்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். "காலைல இது யாருக்கு எடுத்தோம்? உங்களுக்குத்தான? அப்ப உங்க கழுத்துல தொங்குனது இன்னா, நூலா? கையில காப்பு, வெரல்ல மோதரம், இடுப்புல வெள்ளி அரணாக்கயிறு. அத்தினியும் போட்டுகினுதான படுத்தீங்க? கோடு கோணிச்சா? நீங்களே நார்மலுன்னு எழுதி ஒட்டிகீறீங்க. ஆம்பள தங்கத்துக்கு ஒரு கரண்டு, பொம்பள தங்கத்துக்கு வேற கரண்டா?"

குப்பம் ஓவென்று சிரித்தது. எக்ஸ்ரேயின் கை தானாகச் சட்டை பட்டனுக்குப் போனது.

நிதானம் சார் என் பக்கத்தில் நின்று, "கழட்டத் தேவையில்லைதான்" என்று முணுமுணுத்தார். எனக்கே பாதிதான் கேட்டது. அவளுக்குக் கேட்டுவிட்டது.

"சத்தமா சொல்லுங்க சார்!"

சார் கண்ணை மூடிக்கொண்டார். "தாலி கழட்ட வேணாம்! நெஞ்சுல வெக்கிற ரப்பர் பல்பு மேல படாம ஒதுக்கி விட்டா போதும்!" என்று கத்தினார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

எக்ஸ்ரே எங்களை முறைத்துக்கொண்டிருக்க, வேலை தொடங்கியது. "லீட் டூ, போர்வையப் புடி. எவனாவது எட்டிப் பாத்தா கண்ணுல ஜெல்ல அடி" என்று எனக்கு உத்தரவு. நான் இந்தப் பக்கமும், நெத்திலி அக்காவின் நாத்தனார் அந்தப் பக்கமும் போர்வையை விரித்துப் பிடித்தோம். தாலிச் சரட்டை அதில் கோத்திருந்த ஊக்குகளோடு தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஏவிஆர் விலா எலும்புகளைத் தடவி எண்ணி ஒவ்வொரு பல்பாக வைத்தாள். பேப்பர் வந்தது. டாக்டரம்மா பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறது, கூடையின் கனம்தான், கொஞ்சம் உடம்பைக் குறைக்க வேண்டும் என்றார்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கா இம்மாஞ்சண்ட போட்ட?" என்று கேட்டார் நெத்திலி அக்கா.

"ஆமா. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிக்க உனக்கு மட்டும் உரிம இல்லியா?"

திரும்பிய வரிசை மறுபடி திரும்பியது. எல்லோருக்கும் எடுத்து முடித்தபின் ஏவிஆரின் கண் அந்த நாத்தனார் மேல் விழுந்தது. எனக்கு எதிரே போர்வை பிடித்து நின்றவர். ஒல்லியான உடம்பு, நெற்றியெல்லாம் வேர்வை.

"நீயும் படு அக்கா."

"எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. இவளுக்குத் தொணைக்கு வந்தேன். காலைலேர்ந்து தாடைதான் வலிக்குது, பல்லு நோவு."

"காலைலேர்ந்தா? அப்ப ஆளப் பாத்துட்டேன், பேப்பரையும் பாத்துர்றேன். படு."

பேப்பர் வந்தது. ஏவிஆர் அதைப் பார்த்தாள். எப்போதும் எதையாவது கத்துகிறவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு ஓட்டமாகப் போய் டாக்டரம்மா கையில் கொடுத்தாள். அவர் பார்த்தார், எழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. நாத்தனார் தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே ஏறினார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, நேரத்துக்குக் கொண்டுவந்ததால் தப்பித்தார் என்று பிறகு தெரிந்தது.

இதற்கு எக்ஸ்ரே கொடுத்த பரிசு: ஏவிஆர் நாளையிலிருந்து வர வேண்டாம். படிப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பொது இடத்தில் நிர்வாகத்தை அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் சர்டிபிகேட்.

"எழுதலாம் சார். தாலியக் கழட்டச் சொன்னதுக்கு மன்னிச்சிக்கோங்கன்னு மேல நீங்க எழுதுங்க. அத்தினி பேரு முன்னாடி கத்துனதுக்கு மன்னிச்சிக்கோங்கன்னு கீழ நானு எழுதறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

விடுதியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தவள், நான் உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மாவாண்ட இன்னா சொல்றதுன்னுதான் தெரில" என்றாள். "இந்த வாட்டி வெட்டுதான் கடேசின்னு ஊரு பூரா சொல்லிகினு கீது." எழுதிக் கொடுத்துவிடேன், இரண்டு வரிதானே என்றேன்.

"நீ லீட் டூ. நீ எழுதுவ. நானு எழுதினா, அந்த அக்கா தாலியப் புடிச்சிகினு ஏறுச்சே, அது தப்புன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது: தலையை ஆட்டுவது மட்டும் நல்ல பிள்ளைத்தனம் இல்லை. முகாமன்று நெத்திலி அக்கா, "நல்ல மீனு வேணும்னா ஒரு போனு அடி கண்ணு" என்று எனக்கு நம்பர் கொடுத்திருந்தார். மொட்டைமாடிக்குப் போய் அடித்தேன். மீனுக்காக இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் கலகம் அந்த போன்தான்.

மறுநாள் காலை கோவளம் கிளம்பி வந்துவிட்டது. திருப்போரூரில் பஸ் மாறி, கூடைகளோடு, ஒரு பெண் பட்டாளம். சங்கரா, இறால், நண்டு. நிலையத்தின் ஏசி வரவேற்பறையில், புது அட்மிஷனுக்கு வந்த பெற்றோர்களுக்கு நடுவே, பளிங்குத் தரையில் கூடைகளை இறக்கிவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏசிக்குக் காற்றைத் தெரியும், மீனைத் தெரியாது. அது வாசனையை மாடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

எக்ஸ்ரே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். "என்னம்மா இது?"

"எங்க பொண்ணு எங்க?" என்றார் நெத்திலி அக்கா. "அதுக்கு சர்டிபிகேட்டு குடுப்பன்னு சொல்ற வரைக்கும் இங்கயேதான் குந்திகினு இருப்போம். நைனா, நீ ஒண்ணும் அவசரப்படாத. ஐஸு கரைய இன்னும் நேரம் கீது."

புதுப் பெற்றோர் ஒருவர் எழுந்து நண்டு என்ன விலை என்று கேட்டார். வியாபாரமே ஆரம்பித்துவிட்டது. ஐஸ் கரைய ஆரம்பித்தபோது எக்ஸ்ரேயும் கரைந்தார். கடிதம் வேண்டாம், நாளையிலிருந்து வகுப்புக்கு வரட்டும் என்றார். எல்லோரும் கேட்கும்படி சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் இழுத்துக்கொண்டு வந்த ஏவிஆர், வாசலில் நின்று இந்தக் காட்சியைப் பார்த்தாள். கண் கலங்கி ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். என் புத்தி. "இன்னாத்துக்கு எல்லாம் வந்தீங்க? வியாபாரத்த வுட்டுட்டு! இறால இப்பிடி வெச்சிகினு இருந்தா இன்னா ஆவும்?" என்று அவர்களைத் திட்டினாள். திட்டிக்கொண்டே கூடைகளின் மேல் ஈரச் சாக்கை இழுத்துப் போட்டாள். நெத்திலி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சும்மா கத்தாதடி" என்றார். ஏவிஆர் சும்மா இருந்தாள்.

சர்டிபிகேட் கொடுக்கும் நாளில் எக்ஸ்ரே, "இனிமேலாவது சொன்ன பேச்சைக் கேளும்மா" என்றார். "பாக்கலாம் சார்" என்று வாங்கிக்கொண்டாள். அடுத்த வெட்டுக்கு அவள் அம்மா போகவில்லை.

இப்போது அவள் மதுராந்தகத்தில் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தினம் ஒருவரோடு சண்டை என்று கேள்வி. நான் கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில். சமீபத்தில் எங்கள் முதலாளி எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு போர்டு அடித்து மாட்டினார்: 'உலோகப் பொருட்களைக் கழற்றவும்.' ஈசிஜி அறையில் இருந்ததை நான் கழற்றி அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கட்டும். பெருமை தாங்காமல் ஏவிஆருக்கு போன் அடித்துச் சொன்னேன்.

"எப்ப மாட்டுனாங்க?"

"போன வாரம்."

"போன வாரம் மாட்டுனத இன்னிக்குத்தான் கழட்டினியா? வெக்கமா இல்ல?" வைத்துவிட்டாள்.

நாளெல்லாம் பேப்பர் வந்துகொண்டே இருக்கிறது. சார் சொன்னபடி ஒவ்வொன்றிலும் முதலில் ஏவிஆரைத்தான் பார்க்கிறேன். தலைகீழாக இருக்கிறது. அப்பாடா, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மற்றதைப் படிக்க ஆரம்பிக்கிறேன்.